கிழக்குப் பார்த்த கார்

1998 தை மாதத்திலிருந்து, கே.கே. நகர் ஹாலாஸ்யத்தின் கார் கிழக்கைத் தவிர வேறு திசையைப் பார்க்க மறுத்தது. கிழக்கே போகும்போது மற்ற கார்களைப் போல முன்னால் போனது. மேற்கே போக வேண்டுமென்றால் முகத்தைக் கிழக்கிலேயே வைத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனது. வடக்கு, தெற்கு என்றால் நண்டு மாதிரி பக்கவாட்டில். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி அந்தப் பக்கம் நகர்ந்ததே தவிரத் திரும்பவில்லை. பெட்ரோல் மட்டும் வழக்கம்போலக் குடித்தது. காரணம், ஒரு லேபிள். நம்பாதவர்கள் காளவாசல் வெங்கடரமணனைக் கேட்டுக்கொள்ளலாம். மனிதருக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வெங்கடரமணன் நெசவுக் குடும்பத்து சௌராஷ்டிரக்காரர். காளவாசலில் செட் போட்டுப் பழைய சீமைக் கார்களைப் புதுசாக்கிக் கொடுப்பவர். பெயிண்ட் அடிப்பதற்காக ஒரு வண்டியை உரிக்கும் முன், என்ஜின் மூடியைத் தூக்கி, உள்ளே இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே தறியில் ஏற்றும் பாவு நூல் ஒன்றை இழுத்துக் கட்டுவார். எண்ணெய் லேபிள், டயர் காற்று லேபிள், நம்பர் தகடு எல்லாம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றனவோ அங்கங்கே நூலில் ஒரு முடிச்சு. நூலைச் சுருட்டி ஒரு கவரில் போட்டு, மேலே வண்டி எண்ணை எழுதி வைப்பார். லேபிளின் மேல் கஞ்சித் தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டு இரண்டு நாள் ஊறவைத்துக் கிழியாமல் எடுத்து, கண்ணாடியில் காயவைத்து, எல்லா வேலையும் முடிந்த பிறகு கஞ்சிப் பசை தடவி முடிச்சு காட்டிய இடத்தில் ஒட்டுவார். முழு வண்டியும் ஒரு பக்கம், இந்த ஒட்டு வேலை ஒரு பக்கம். அவர் மனைவி லலிதாம்பாளுக்குத் தாலி கட்டியபோதுகூட அவர் கை இவ்வளவு நிதானமாக இருந்ததில்லை என்று அந்த அம்மாளே சொல்வார்.

ஹாலாஸ்யம் ஓய்வுபெற்ற ஆபீசர், வாஸ்துப் பித்து தலைக்கேறியவர். சமையலறையை மூன்று முறை இடம் மாற்றியவர். வாசல் கேட்டைப் பிடுங்கிப் பக்கத்துச் சுவரில் நட்டவர். மகள் மதுவந்திக்கு வரன் அமையும் முன்பே, அவள் ஜானவாசத்துக்கு மாப்பிள்ளையைச் சொந்தக் காரில்தான் ஊர்வலமாக அழைத்து வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று, மேல்கூரை மடக்கும் பச்சை நிறக் கார் ஒன்றை வாங்கி வெங்கடரமணனிடம் விட்டிருந்தார். லேபிள் ஒட்டுவது தவிர எல்லா வேலையும் முடிந்து வண்டி செட்டில் கிழக்குப் பார்த்து நின்றது. வெங்கடரமணன் சாப்பிட வீட்டுக்குப் போன அந்த அரை மணி நேரத்தில் ஹாலாஸ்யம் உள்ளே வந்தார். தொழிற்சாலை கொடுத்த லேபிள் என்பது வண்டியின் ஜாதகம், ஜாதகம் இருக்க வேண்டிய இடம் ஈசானிய மூலை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தானே பசையைத் தடவி, எண்ணெய் லேபிளை என்ஜினின் வடகிழக்கு மூலையில் அப்பினார். மேலே ஒரு சந்தனப் பொட்டும் வைத்தார்.

திரும்பி வந்த வெங்கடரமணன் தலையில் கைவைத்துவிட்டார். "என்ன சார், இம்புட்டு அநியாயம் பண்ணிட்டீக! அது இருக்க வேண்டியது வலப்பக்கம் சார். நூலைப் பாருங்க, முடிச்சைப் பாருங்க!"

"ஓய், உம்ம நூலுக்கு வாஸ்து தெரியுமா?" என்றார் ஹாலாஸ்யம்.

வண்டி திரும்பினால் வடகிழக்கு மூலையும் மாறுமே என்று அந்த நிமிடத்தில் இருவருக்குமே தோன்றவில்லை. காருக்குத் தோன்றியிருக்கிறது. காளவாசலிலிருந்து கிழக்கே வந்தவரை வம்பில்லை. வைகைப் பாலத்தில் வடக்கே ஏறியதும் வண்டி குறுக்காக நின்றபடி பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. பின்னால் பதினேழு பஸ்கள் ஹாரன் அடித்தன. போலீஸ்காரர் வந்து, வண்டி நகரும் பக்கமாகத்தான் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் எங்காவது இருக்கிறதா என யோசித்துப் பார்த்து, இல்லை என்று விட்டுவிட்டார்.

ஹாலாஸ்யத்துக்கோ பெருமை பிடிபடவில்லை. குடும்பத்தோடு திருவாதவூர் கோயிலுக்குப் போனார். போக நேராக, திரும்பி வர முழுக்கப் பின்பக்கமாக. வயலில் நின்ற சின்னக்கருப்பன் என்பவர், "அம்புட்டுத் தூரமும் இப்படியேவா போவீக?" என்று கேட்டு, வண்டி கண்ணுக்கு மறையும்வரை டாட்டா காட்டினார். லேபிள் மாறிய எட்டாம் நாள் மதுவந்திக்கு வரன் நிச்சயமானதால், அதன் மேல் யாரும் கைவைக்கக் கூடாது என்று உத்தரவே போட்டுவிட்டார் ஹாலாஸ்யம். வெங்கடரமணன் ஞாயிறு தவறாமல் நூல் கவரோடு வந்து கெஞ்சிவிட்டுப் போனார்.

மதுவந்திக்குக் கவலை காரில் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை கிரிதரிடம், கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போகலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்" என்றான். நான்கு மாதமாகியும் பதில் வரவில்லை. சொந்தமாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதனோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பதுதான் அவள் கவலை. அம்மா ஜகதாம்பாளிடம் மட்டும், "பயமா இருக்கும்மா" என்றாள். பத்திரிகை அடித்தாகிவிட்டதே என்றாள் ஜகதாம்பாள்.

வைகாசி மாதம், ஜானவாச மாலை. மண்டபத்துக்கு மேற்கே இருந்த கோயிலிலிருந்துதான் ஊர்வலம் என்று ஹாலாஸ்யம் கெட்டிக்காரத்தனமாக ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் அந்த வழியை மறித்து யாரோ பொதுக்கூட்ட மேடை போட்டுவிட்டார்கள். கிழக்கே இருந்த பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளையை ஏற்றியதும் கார் பின்பக்கமாக மேற்கே நகர்ந்தது. மாப்பிள்ளையின் அப்பா காருக்கு முன்னால் போய்க் கையை விரித்து நிறுத்தப் பார்த்தார். கார் அவரைவிட்டு விலகிப் போயிற்று. அவர் பின்னால் ஓடி வந்து நிறுத்தினார்.

"முதுகைக் காட்டிண்டு வந்து சம்பந்தம் பண்ணற வழக்கம் எங்காத்துல கிடையாது! வண்டியைத் திருப்புங்கோ. இல்லேன்னா ராத்திரி ரயிலுக்கே திருச்சிக்குக் கிளம்பறோம்!"

வேறு கார் வைத்துக்கொள்ளலாமே என்று யாரோ சொன்னார்கள். ஆகிவந்த வாகனத்தில் ஏறிய மாப்பிள்ளை பாதியில் இறங்கினால் அது அதைவிட அபசகுனம் என்றார் அதே அப்பா. ஹாலாஸ்யத்தின் முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்தில் நின்ற வெங்கடரமணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "தப்புப் பண்ணிட்டேன்யா. உம்ம இடத்துலயே ஒட்டிடும்" என்று எல்லோர் முன்னிலையிலும் அழுதார். ஐந்து மாதம் காத்திருந்த வார்த்தை. ஆனாலும் வெங்கடரமணனுக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்பட முடியவில்லை. "ரெண்டு நாள் ஊறணும் சார். இப்ப பிச்சா பொடிப்பொடியாப் போயிரும்" என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். செய்தி மண்டபத்து மாடியில் நின்ற மதுவந்திக்கு எட்டியது. அவள் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தாள்.

காரில் கிரிதர் எழுந்து நின்றான். அப்பாவைப் பார்த்தான். காரைப் பார்த்தான். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு, சீட்டின் மேல் ஏறி, மடித்து வைத்திருந்த மேல்கூரையின் மேல் மேற்கு முகமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

"வண்டி திரும்பாட்டா என்னப்பா? நான் திரும்பிக்கறேன். மேளத்தை வாசிக்கச் சொல்லுங்கோ."

அப்பா வாயைத் திறந்தார். "அப்படியே இன்னொண்ணு," என்றான் கிரிதர், "அவ வேலைக்குப் போவா. உங்களைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன். கேட்கலை. நானே சொல்லிடறேன்."

மேளம் கொட்டியது. காரின் பின்புறம் முன்னால் வர, அதற்கு மேலே மாப்பிள்ளையின் முகம் மண்டபத்தைப் பார்த்தபடியே வந்தது. மதுவந்தி மாடியில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. "மெதுவாடி, பொண்ணு இப்படிச் சிரிக்கப்படாது" என்ற ஜகதாம்பாளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மறுநாள் முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது. சம்பந்தி இரண்டு பந்தி சாப்பிட்டார்.

அந்த வாரமே லேபிளை மாற்ற வெங்கடரமணன் வந்தார். புதுத் தம்பதி வேண்டாம் என்றுவிட்டார்கள். காரை ஹாலாஸ்யம் அவர்களுக்கே கொடுத்துவிட்டார். பெண்ணின் ஊரிலேயே தங்கிவிட்ட இருவரும் 2003-இல் ஊருக்கு மேற்கே கோச்சடைப் பக்கம் வீடு வாங்கிப் போனார்கள். காலையில் கிழக்கே வேலைக்குப் போகும்போது இருவரும் முன் சீட்டில். சாயங்காலம் மேற்கே வீட்டுக்கு வரும்போது கிரிதர் ஓட்ட, மதுவந்தி பின் சீட்டில் பின்பக்கம் பார்த்து மண்டிபோட்டுக்கொண்டு, "ஆட்டோ வரது, கொஞ்சம் நில்லுங்கோ... ம், இப்பப் போலாம்" என்று வழி சொல்லிக்கொண்டே வருவாள்.