படகின் கைப்பிடி

“நல்லா பிடிச்சிருக்கியா?” படகின் கூரைமேல் குப்புறப் படுத்தபடி தம்பி கேட்டான்.

“பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன். நீ திருப்புடா,” என்றார் உள்ளே படுத்திருந்த அண்ணன்.

வீட்டுக்குப் பின்னால் முட்டுக்கட்டைகள்மேல் நின்றது அந்தப் பழைய ஃபைபர் பாய்மரப் படகு. அண்ணனின் கல்யாணத்துக்கு முன்பே இருவரும் சேர்ந்து வாங்கியது. நுரையீரல் இனித் தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொன்னதும், அண்ணன் வீட்டுக்குள் போகாமல் படகுக்கே வந்துவிட்டார். தம்பிதான் தூக்கிவந்து படுக்கவைத்தான்.

வந்ததிலிருந்து ஒரே பிடிவாதம்: கூரைமேல் நீளமாக ஒரு கைப்பிடி வேண்டும். அங்கே முன்பு எதுவோ மாட்டியிருந்த திருகுகளின் ஓட்டை வழியாக மழைநீர் இறங்கி, ஃபைபருக்கு நடுவிலிருந்த மரம் நமத்துக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்து, ஓட்டைகளைப் பசையால் நிரப்பி, பசை கல்லாய் இறுகியபின் அதன் நடுவிலேயே புதுத் துளை போட்டாயிற்று. இனி ஒழுகினாலும் மரத்தில் ஈரம் ஏறாது. வேலை தம்பியுடையது, குறை சொல்வது அண்ணனுடையது. இப்போது தம்பி மேலிருந்து போல்ட்டைத் திருப்ப, நட்டு கூடவே சுற்றாமல் அண்ணன் உள்ளிருந்து ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

“எதுக்குண்ணா இப்ப இது? இத்தனை வருஷம் கைப்பிடி இல்லாம நாம போகலையா?”

“நாம போனோம். உனக்குக் கால் தடுக்குனா நான் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். இனிமே நீ தனியா போறவன்.”

தண்ணீர் புகாமலிருக்கத் தடவிய சீலண்ட் ஓரத்தில் பிதுங்கியதைத் தம்பி வெகுநேரம் துடைத்தான்.

“நான் தனியா போகமாட்டேன்.”

“போவே. உன்னை எனக்குத் தெரியாதா? அடுத்ததைத் திருப்பு.”

கடைசி போல்ட் இறுகவே இல்லை. நட்டும் சேர்ந்து சுற்றியது.

“அண்ணா, நழுவுது பாரு.”

உள்ளே ஸ்பேனர் பலகையில் விழுந்த சத்தம் கேட்டது.

“கை வலிச்சா சொல்லு, நாளைக்குப் பாத்துக்கலாம்.”

தம்பி உடனே இறங்கவில்லை. வெயிலில் சுட்ட கூரையில் கன்னத்தை வைத்து, இருமல் சத்தம் வருமா என்று காத்துக் கிடந்தான். வரவில்லை.

இறங்கிப் போனபோது அண்ணனின் கை நெஞ்சின்மேல் கிடந்தது. திறந்தபடி இருந்த அவர் கண்களைத் தம்பி மூடிவிட்டான். அவர் விரல்களில் சீலண்ட் ஒட்டியிருந்தது. துணியால் துடைத்துப் பார்த்தான். போகாததால், வலித்துவிடுமோ என்பதுபோல நகத்தால் மெல்லச் சுரண்டினான்.

“என்ன தம்பி, பேச்சுச் சத்தத்தையே காணோம்?”

அண்ணி ஏணியில் ஏறி வந்துகொண்டிருந்தாள். தலைசுற்றும் என்று சொல்லி இந்தப் படகில் கால் வைக்காதவள். குனிந்து உள்ளே வந்து, முதலில் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவரை. வாய்மேல் வைத்த கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“இவ்வளவு சின்ன இடத்துலயா இருந்தீங்க ரெண்டு பேரும்,” என்றாள்.

“எல்லாருக்கும் சொல்லணும் அண்ணி.”

“சொல்லலாம். கொஞ்சம் இருக்கட்டும்.”

உட்கார இடம் தேடினாள். தம்பி அண்ணனின் கால்களைச் சற்றே தூக்கிப் பிடித்தான். அண்ணி அந்த இடத்தில் உட்கார்ந்து, கால்களை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.