டீயை மெதுவாகக் குடியுங்கள்

செபஸ்தியார் சங்கத்தின் பொதுக்கூட்டங்களில் உர்சுலாவின் குரலை யாரும் கேட்டதில்லை. டன்லப் தெருவில், ஜலாலுதீனின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் சங்கத்தின் கூடம் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை படியேறிப் போவாள். சுவரோரமாக உட்காருவாள். மடியில் ஒரு புத்தகம் இருக்கும். கூட்டம் முடிந்ததும் இறங்கி வந்துவிடுவாள். ஷெண்டன் வே என்ற ஆபீஸ் தெருவில் இருந்த ஒரு கப்பல் கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது அவள் வேலை. அவளிடம் ஒன்று கேட்டுவிட்டு, கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தாலும் பதில் இன்னும் வந்திருக்காது என்று தங்கை ஆனி சொல்வாள்.

அப்படிப்பட்டவள்தான் 1988-இல் சங்கத்தை இரண்டாகப் பிளந்த சண்டையை ஒரு பக்கம் நின்று நடத்திக்கொண்டிருந்தாள். அது ஆனிக்கும் எட்மண்டுக்கும் மட்டுமே தெரியும்.

சண்டை தலைவர் லாசரஸைப் பற்றியது. ஒருவர் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. லாசரஸின் இரண்டாவது தவணை முடிந்துகொண்டிருந்தது. அவர் அந்த விதியை எடுத்துவிட்டு மூன்றாவது முறையும் நிற்கப் போவதாக அறிவித்திருந்தார். அவர் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிள்ளைகளுக்கு டியூஷன் வகுப்பு தொடங்கியவர் அவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பாதிரியாருக்கு முன்னால் வந்து நிற்பவர் அவர். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு வேலைக்கு சிபாரிசு செய்திருந்தார், மீதிப் பாதிக்குக் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். உர்சுலாவுக்கு அவர் ஞானத்தந்தை. ஞானஸ்நானத் தொட்டியருகே அவளைக் கையில் ஏந்தியவர், அவளுடைய அப்பா போன பிறகு அந்த வீட்டுக்குப் பெரியவராக இருந்தவர்.

அதுதான் அவளுக்குக் கஷ்டம். அவர் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று அவளால் சொல்ல முடியாது. அவர் மூன்றாவது முறை உட்காருவதையும் அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எட்மண்ட் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் ஆர்கன் வாசிப்பவர். பெடோக்கில் இருந்த தன் வீட்டுக் கம்ப்யூட்டரை டெலிபோனோடு இணைத்து ஒரு போர்டு நடத்திவந்தார். மோடம் வைத்திருக்கும் யாரும் அந்த எண்ணைச் சுழற்றி உள்ளே போகலாம், மற்றவர்கள் எழுதி வைத்ததைப் படிக்கலாம், தன் பங்குக்கு எழுதிவிட்டு வரலாம். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ஒரே ஒரு லைன். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர்களுக்கு எங்கேஜ்ட் சத்தம்தான் கேட்கும்.

உர்சுலாவுக்கு அது பிடித்திருந்தது. கூடத்தில் ஒருவர் பேசும்போதே மூன்று பேர் குறுக்கே விழுவார்கள். இங்கே எவ்வளவு பெரிய வாய்க்காரனும் எதிராளி எழுதி முடித்துப் போனை வைக்கும்வரை காத்திருந்தாக வேண்டும். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நாள் கிடந்தாலும் யாரும் தப்பாக நினைக்கவில்லை. அவள் அங்கே 'கடைசி பெஞ்சு' என்று பெயர் வைத்துக்கொண்டாள். முதல் நாள் இரண்டே வரி எழுதினாள். நல்லவர் உட்கார்ந்திருக்கும்போதே நாற்காலியைக் காலி செய்து பழகாவிட்டால், கெட்டவர் உட்கார்ந்த பிறகு எப்படிப் பழகப் போகிறோம் என்று கேட்டிருந்தாள்.

போர்டில் இருந்தவர்கள் ஒரு டஜன் பேர்கூட இல்லை. ஆனால் எட்மண்ட் எல்லாவற்றையும் பிரிண்டரில் அடித்து, பூசை முடிந்து வருபவர்களிடம் கொடுத்தார். ஓரத்தில் ஓட்டை போட்ட அந்த நீளத் தாள் கோவில் வாசலிலிருந்து கிளம்பி பஸ், ஆபீஸ், மார்க்கெட் என்று போய் வந்தது. கடைசி பெஞ்சு யார் என்று கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. பாதிரியார் என்றார்கள். செத்துப்போன பழைய செயலாளரின் ஆவி என்றுகூட ஒருவர் சொன்னார். உர்சுலாவை யாரும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை லாசரஸ் ஆங் மோ கியோவில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். காரில் ஒரு புது கம்ப்யூட்டர் இருந்தது. கதவைத் திறந்த ஆனியிடம், உன் அக்காவைக் கொஞ்சம் கூட்டிக்கிட்டுப் போறேன் என்றார்.

"அந்தக் கடைசி பெஞ்சுக்கு நானே பதில் சொல்லப் போறேன்மா," என்றார் உர்சுலாவிடம். "எனக்கு இந்த மெஷினு பழக்கமில்ல. நான் சொல்லச் சொல்ல நீ தட்டிக் குடுத்துடு."

ஆனி சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உர்சுலாவால் மறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து வாரம் இரண்டு மாலைகள் அவர் வீட்டுக்குப் போனாள். அவருடைய மோடத்தை இணைத்தாள், கடைசி பெஞ்சு எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினாள். அவர் பின்னால் கைகட்டி நடந்தபடி சொல்லும் பதிலை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தட்டினாள். பிறகு வீட்டுக்கு வந்து, ஆனியிடமிருந்து போனைப் பிடுங்கி, அதற்குப் பதில் எழுதினாள். பதில் எழுதுவதற்கு முன் வெகுநேரம் ஜன்னலருகே உட்கார்ந்திருப்பாள். அவர் பக்கத்தில் நியாயம் இருந்த இடங்களை அவள் மறைக்கவில்லை. வேறு யார் இந்தச் சுமையைத் தூக்குவார்கள் என்று அவர் கேட்டபோது, கேள்வி சரிதான், நீங்கள் இறக்கி வைத்தால்தானே தெரியும் என்று எழுதினாள். அதை மறுவாரம் அவருக்கே படித்துக் காட்டியபோது அவர் நடப்பதை நிறுத்தினார்.

"ஆளு கெட்டிக்காரன்," என்றார். "ஆனா கோழை. பேரு போட பயம்."

உர்சுலா விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவருக்குப் பொறுமை போய்விட்டது. என்னை வேண்டாம் என்பவர்கள் கூட்டத்துக்கு வரட்டும், என் முன்னால் கையைத் தூக்கட்டும், யார் யார் தூக்குகிறார்கள் என்று நான் பார்க்கிறேன் என்று சொன்னார். உர்சுலாவின் விரல்கள் பாதியில் நின்றன.

"இதையும் போடட்டுமா அங்கிள்?"

"போடு. பெரிய எழுத்துல போடு."

போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் தாளைப் படித்தவர்கள் சிரிக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது தவணை வேண்டாம் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். அவர் பார்க்கக் கை தூக்கக்கூடியவர் ஒருவரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது, உர்சுலாவுக்கும்தான்.

அவள் இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. கை தூக்காமல் எதிர்ப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது அது தோன்றியது. தோன்றியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் நகர்ந்து நின்றார்.

பொதுக்கூட்டத்துக்கு அறுபது பேர் வேண்டும். சேராவிட்டால் அரை மணி நேரம் ஒத்திவைக்க வேண்டும். அதற்குப் பிறகும் சேராவிட்டால் வந்தவர்களை வைத்துக் கூட்டத்தை நடத்தலாம், தேர்தலும் நடத்தலாம், ஆனால் அதன் பிறகு எத்தனை பேர் வந்தாலும் விதிகளில் கை வைக்க முடியாது. இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. எல்லா வருடமும் பதினொரு மணிக்கு இருபது பேர்தான் வருவார்கள், அரை மணி நேரம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கூட்டமே பதினொன்றரைக்குத்தான் என்று பல பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் லாசரஸ் இந்த வருடம் ஆங் மோ கியோவிலிருந்தும் பெடோக்கிலிருந்தும் பஸ் வைத்திருந்தார், பிரியாணி சொல்லியிருந்தார், வீடு வீடாகப் போன் போட்டிருந்தார். வரவில்லை என்று அவரிடம் சொல்லவும் யாருக்கும் தைரியம் கிடையாது.

கடைசி பெஞ்சு எழுதியது: "எல்லோரும் வாருங்கள். அவருடைய பஸ்ஸிலேயே வாருங்கள். கீழே ஜலாலுதீன் கடையில் டீ குடியுங்கள். டீயை மெதுவாகக் குடியுங்கள். மேலே ஆரம்ப ஜெபப் பாட்டுக் கேட்டதும் எழுந்து வாருங்கள். கை தூக்க வேண்டாம்."

தலைவர் கூட்டத்தைத் தொடங்கியாயிற்று என்று அறிவித்த பிறகுதான் அந்தப் பாட்டு. அது சங்கத்தின் வழக்கம்.

இதையும் அவள் அவருக்குப் படித்துக் காட்டினாள். மறைக்க அவள் மனம் ஒப்பவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நம்ம ஆளுங்க பிரியாணி வாசனை மேலேயிருந்து வந்தா கீழே டீயைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்களா என்றார். சாப்பாட்டை முன்கூட்டியே மேலே ஏற்றிவிடச் சொன்னார். பத்தே முக்காலுக்குப் பரிமாறப்படும் என்று போர்டில் போடவும் சொன்னார். உர்சுலா அதையும் தட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டன்லப் தெருவில் இரண்டு பஸ்களும் அடுத்தடுத்து வந்து நின்றன. பூசைக்குப் போன உடையோடு ஆணும் பெண்ணுமாக இறங்கினார்கள். சிலர் யாரையும் பார்க்காமல் நேரே படியேறினார்கள். மற்றவர்கள் கடைக்குள் நுழைந்து மேசைகளை நிறைத்தார்கள், இடம் போதாமல் கடைக்கு வெளியே ஐந்தடிப் பாதையில் நின்றார்கள். பிரியாணி அண்டாக்கள் அவர்களைத் தாண்டித்தான் மேலே போயின. நெய்யும் பட்டையும் கலந்த வாசனை போகும் வழியெல்லாம் தங்கிவிட்டது. நாலைந்து பேர் அண்டாவின் பின்னாலேயே எழுந்து போனார்கள்.

ஜலாலுதீன் கல்லாவிலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்தார். "எனக்கு ரெண்டு பக்கமும் வியாபாரம்தான் லா," என்றார். "மேல பிரியாணி என்னுது, கீழ டீயும் என்னுது. நல்லா சண்டை போடுங்க."

உர்சுலா ஆனியோடும் எட்மண்டோடும் நடு மேசையில் உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணி அடித்ததும் மேலே ஒத்திவைப்பு அறிவிக்கப்பட்டது. அரை மணி நேரம் ஓடத் தொடங்கியது. எட்மண்ட் படிக்கட்டைப் பார்த்தபடி உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிவிட்டது என்றார். சற்றுப் பொறுத்து, ஐம்பத்தாறு என்றார். பிள்ளைகள் பசிக்கிறது என்று சிணுங்கின. தாய்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இன்னும் ஒரு குடும்பம் எழுந்தால் கதை முடிந்துவிடும்.

அப்போது லாசரஸே இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சங்கத்தின் பட்டை. படிக்கட்டின் கடைசிப் படியில் நின்று கடையை ஒரு முறை பார்த்தார். பேச்சு அடங்கியது. ஒவ்வொருவராகத் தலை குனிந்தது. அவர் பார்வை நடு மேசைக்கு வந்து நின்றது. தன் ஞானமகள் எழுந்தால் கடையே எழும் என்று அவருக்குத் தெரியும். அவளும் அதை அறிந்திருந்தாள்.

"உர்சுலா. மேல வாம்மா."

அவள் பதிலுக்குக் காத்திருப்பது அவருக்குப் புதிதில்லை, காத்திருந்தார். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டே போனது. உர்சுலா அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டம்ளரைத் தூக்கினாள், ஒரு மடக்குக் குடித்தாள், மேசைமேல் வைத்தாள். டீ ஆறிப்போயிருந்தது.

அவர் முகம் மெல்ல மாறியது. வாரம் இரண்டு மாலைகள் தனக்காகத் தட்டிய விரல்களை அவர் பார்த்தார்.

"நீயா?"

"நான்தான் அங்கிள். பேரு போடாம எழுதினது தப்புதான். இனிமே போட்டுக்கிறேன்." பிறகு, அதுவரை அவளிடம் யாரும் கேட்டிராத குரலில், கடை முழுவதற்கும் எட்டும்படி சொன்னாள்: "நீங்க போங்க. பாட்டு ஆரம்பிச்சதும் நாங்க எல்லாரும் வர்றோம்."

யாரோ ஒருவர் டம்ளரைத் தூக்கினார். பக்கத்து மேசையிலும் தூக்கினார்கள். எழுந்து நின்றிருந்த ஒரு குடும்பம் மறுபடி உட்கார்ந்தது. ஜலாலுதீன் கல்லாவை விட்டு வந்து, தானே டீ ஆற்றத் தொடங்கினார், கை உயரத் தூக்கி, நீளமாக, அவசரமே இல்லாமல். லாசரஸ் திரும்பிப் படியேறினார். ஒவ்வொரு படிக்கும் பலகை முனகியது.

பதினொன்றரைக்கு மேலே அவர் குரல் கேட்டது. அறுபது பேர் சேரவில்லை, விதிப்படி கூட்டம் தொடங்குகிறது, விதித் திருத்தம் எடுத்துக்கொள்ளப்படாது என்று படித்தார். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. அதன் பிறகு பாட்டு எழுந்தது. முதல் வரியை மேலே இருந்தவர்கள் பாடினார்கள், இரண்டாவது வரியைக் கடை பாடியது. நாற்காலிகள் தள்ளப்பட்டன, பிள்ளைகள் இடுப்பில் ஏறின, பாடிக்கொண்டே ஜனம் அந்தக் குறுகலான படிக்கட்டில் ஏறியது. கூடத்தில் இடம் போதவில்லை. ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தார்கள், படிக்கட்டில் நின்றார்கள். செபஸ்தியார் சங்கம் அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததே இல்லை.

தலைவர் தேர்தல் வந்தது. டியூஷன் வகுப்புகளை இத்தனை வருடமும் நடத்தியவளான நர்ஸ் பிரிஜட்டின் பெயரை ஆனி முன்மொழிந்தாள். எட்மண்ட் வழிமொழிந்தார். வேறு பெயர் வரவில்லை. ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் லாசரஸ். அவருடைய ஆட்களில் சிலர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவரோ வேறெங்கும் பார்க்காமல் உர்சுலாவையே பார்த்தார். அவள் சுவரோரமாக உட்கார்ந்திருக்கவில்லை. கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கையைத் தோளுக்கு மேல், தலைக்கு மேல், முழங்கை நிமிரும்வரை தூக்கினாள்.

லாசரஸ் அந்தக் கையை நோக்கி விரலை நீட்டினார்.

"ஒண்ணு," என்றார்.

அவளைச் சுற்றிக் கைகள் எழும்பத் தொடங்கின. அவர் எண்ணிக்கொண்டே போனார்.