வரிசையில் முதலாவது கடிதம்

வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் இன்ரநெற் கடை வைத்திருந்த காலத்தில் எனக்கு வாய் கொஞ்சம் கூட. வன்னிக்குள் எந்த இணைய நிலையத்தில் இணைப்பு அறுந்தாலும் "மஸாஹிர் நானாவைக் கேளுங்கோ" என்பார்கள். அதில் எனக்குத் தலைக்கனம் வேறு.

மல்லாவி நிலையத்தைப் பார்த்துக்கொண்டவள் கமலாசனி. நேரில் கண்டதில்லை. கணினி அரட்டையில் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, மோடம் முதல் ஜெனரேற்றர் வரை என்னிடம் கேட்பாள். அங்கே சனம் கொடுக்கும் மின்னஞ்சல்கள் ஒரு கணினியில் வரிசையாகச் சேர்ந்து, செய்மதி இணைப்பு ஒழுங்காக இருக்கும்போது ஒவ்வொன்றாக வெளியேறும். வரிசையில் சேர்ந்ததுமே "போயிட்டுது" என்று ஆளை அனுப்பிவிடுவோம். எல்லாரும் அப்படித்தான் சொன்னோம். இருந்து விளக்க யாருக்குப் பொறுமை?

2006 ஆடியில் ஒரு காலை, இணைப்பு வந்துபோன இடைவெளியில் அரட்டையில் எழுதினாள்.

"நானா, நேற்றையில இருந்து ஒண்டும் போகேல்லை. அறுபத்திரண்டு கடிதம் தேங்கிக் கிடக்கு."

முதலாவதாக நின்றது மிகப் பெரியது. பாதி போனதும் இணைப்பு அறும். மறுபடி தொடக்கத்திலிருந்து போகும். பின்னால் நின்றவை அசையவேயில்லை.

"அதை அழியுங்கோ. மற்றதெல்லாம் ஓடும்."

"அது ஸ்கந்தபுரம் வீரகத்தி ஐயாவின்ர. மகள் லக்சிகாவைக் கனடாவுக்கு எடுக்க, அங்க இருக்கிற அவரின்ர தம்பிக்காரன் கேட்ட பத்திரங்கள். மாதமுடிவுக்குள்ள போகவேணுமாம். போயிட்டுது எண்டு சொல்லிப்போட்டன், நானா."

பிரதி எடுத்து வைத்துவிட்டு அழி என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். கடை நிறைய ஆட்கள். சொல்லவில்லை.

"ஒராளுக்காக அறுபத்தொரு பேர் நிக்கேலுமோ? அழியுங்கோ தங்கச்சி."

"அப்ப சைக்கிளில போய் அவருக்குச் சொல்லட்டோ?"

"தபால்காரி வேலையும் தொடங்கிட்டீங்களோ? பதில் வராட்டி அவரே பத்திரங்களோட வருவார். அப்ப சின்னதாக்கி அனுப்புங்கோ."

அழித்தாள். சற்று நேரத்தில் அறுபத்தொன்றும் போய்விட்டன. நன்றி என்று எழுதினாள். நான் ஒரு சிரித்த முகத்தை அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

இரண்டு கிழமையில் சண்டை தொடங்கியது. வன்னிக்குப் போகும் ஓமந்தைப் பாதை பூட்டுப்பட்டது, மல்லாவி இணைப்பும் நின்றது.

சண்டை முடிந்து, 2009 ஆனியில் யாரோ ஒருவர் கடைக்கு ஒரு சீட்டுக் கொண்டுவந்தார். கமலாசனி இடம்பெயர்ந்த சனத்தின் முகாமில் இருந்தாள். பால்மாவும் உடுப்பும் வாங்கிக்கொண்டு கம்பிவேலிக்குப் போனேன். எலும்பும் தோலுமாக ஒருத்தி "நானா" என்று கூப்பிட்டாள். அப்படித்தான் அவளை முதன்முதலில் பார்த்தேன்.

"அங்க குந்தியிருக்கிறவர்தான் வீரகத்தி ஐயா. லக்சிகா மாத்தளனில செல் குண்டு பட்டுச் செத்திட்டாள். கனடாத் தம்பி ஆள்விட்டுத் தேடுறார். இவர் முகம் குடுக்கிறாரில்லை. பதில் போடாத தம்பி எண்டு கோவம். கடிதத்தை அழிச்சதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை, நானா."

அவரைக் கூப்பிடச் சொன்னேன். மெல்ல எழும்பி வந்தார். தம்பி தேடுகிறாராமே என்று தொடங்கியதும் சீறினார்.

"அவன்ர கதையை எடுக்காதேங்கோ. பிள்ளையின்ர பத்திரம் முழுக்கக் கிடைச்சும் ஒரு வரி எழுதாதவன்."

"ஐயா, அவருக்கு ஒண்டும் கிடைக்கேல்லை. போக முதலே அதை அழிக்கச் சொன்னது நான்தான்."

வரிசையைப் பற்றி, அறுபத்தொரு கடிதங்களைப் பற்றி எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. கமலாசனி அழுதுகொண்டு நின்றாள். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ ஆறுதல். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை கடைசிமட்டும், சித்தப்பா தன்னை மறந்திட்டார் எண்டுதானே அழுதவள்," என்றார். "இப்ப அவளுக்கு ஆர் போய்ச் சொல்லுறது?"