நூகு பாய்க்கு மௌன அஞ்சலி

தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்தபின் நூகு பாய்க்கு மிஞ்சியது கைதான். புள்ளியும் கோடுமாக மோர்ஸ் கட்டையைத் தட்டியாவது ஹாம் ரேடியோ கூட்டாளிகளோடு பேசிவிடலாம் என்ற தைரியத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தார். காலையில் அவர்கள் எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். அவர்கள் பேசுவது இவருக்குக் கணீரென்று கேட்டது. இவர் தட்டியதோ ஒருத்தர் காதிலும் விழவில்லை.

மனைவி நபீசாவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஓயாமல் பேசுகிற மனுஷர், இப்போது தட்டிப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார், சோறும் இறங்கவில்லை. கூட்டாளிகளில் ஒருவருடைய போன் நம்பராவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பேருக்குப் பதிலாக ஆளுக்கு நாலைந்து எழுத்தில் ஓர் அழைப்புக்குறி, அதுவே போதும் என்று காலத்தை ஓட்டிய ஆட்கள்!

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்த சோமசேகரனைக் கூட்டிவந்தாள். அது பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர். சோமசேகரன் உப்புக்காற்றில் பச்சை பூத்த ரிலே முனைகளைத் தேய்த்தார், ஏரியல் ஒயரை மாற்றினார், டியூனிங் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். பவர் மீட்டர் முள் கால்வாசிக்கு மேல் ஏறமாட்டேன் என்றது.

"வால்வு ரெண்டும் எரியுதே அண்ணே?"

"எரியுதும்மா, சத்துதான் இல்ல. வேற வால்வு வந்தாத்தான் உண்டு. அத்தனை பேரு பேசுற இரைச்சல்ல இந்த ஈனக்குரல் எங்க கேக்கும்?"

அதற்குள் ரேடியோவில் அந்தக் காலைக் கூட்டத்தை நடத்துகிற பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"காரைக்கால் நூகு பாய் ஆஸ்பத்திரிக்குப் போனவரு, அப்புறம் சத்தமே இல்ல. நம்மள விட்டுப் போயிட்டாருன்னுதான் நெனைக்க வேண்டியிருக்கு. வழக்கப்படி யாரும் டிரான்ஸ்மிட் பண்ணாம ஒரு நிமிஷம் மௌனமா இருப்போம்."

"வாயக் கழுவுங்க!" நபீசா ரேடியோவைப் பார்த்துக் கத்தினாள். "குத்துக்கல்லாட்டம் எங்கண்ணு முன்னால உக்காந்திருக்கிற மனுஷன..." முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

நூகு பாய் அழவில்லை. அலைவரிசையில் ஒரு குரலும் இல்லாமல் போனதைக் கவனித்தார். சட்டென்று கட்டையை இழுத்துத் தட்டினார். அது அவருடைய அழைப்புக்குறி, அந்தத் தாளம் நபீசாவுக்கு மனப்பாடம். மறுபடியும் தட்டினார். முள் அதே கால்வாசியில்தான் நின்றது.

"யாரது?" பெரியவர் குரல் பதறியது. "ரொம்ப மெல்லிசா கேக்குது. யாரும் குறுக்க வராதீங்க! இன்னொரு தடவ அடிங்க."

அடித்தார். பெரியவர் எழுத்தெழுத்தாகப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் உடைந்துபோனார்.

"பாய்... நீங்களா?"

நூகு பாய் நீளமாக ஏதோ தட்டினார். "என்ன சொல்றீங்க, எனக்கும் சொல்லுங்க" என்று நபீசா அவர் தோளை உலுக்கினாள். பதில் ரேடியோவிலிருந்து வந்தது.

"சாகலையாம், குரல்தான் போச்சாம். 'நபீசா அழுவுறா, சீக்கிரம் பேசுங்க'ங்கிறாரு."

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நபீசா அவர் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.