நிபுணர்களுக்கு முன்னால் வந்தவை

ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில், ஆரியங்கோட்டு ரப்பர் மரங்களில் கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டைகளில் பாலுக்குப் பதிலாகச் சாளை மீன் கிடந்தது. சிரட்டைக்கு இரண்டு மூன்று மீன், செவுள் சிவக்க, அப்போதுதான் வலையிலிருந்து உதறியது போல. கடல் அங்கிருந்து வெகுதூரம். பால் எடுக்கப் போனவர்கள் அதே வாளியில் மீனைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். அன்றைக்கு ரப்பர் ஷீட் அடிக்கவில்லை, அவ்வளவுதான். மத்தியானம் ஊர் முழுக்க மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும். யாரும் பயப்படவில்லை. குன்னத்துகால் மேட்டிலுள்ள கல்லூரிக்கு மூன்று நிபுணர்கள் வரப்போகிறார்கள், அதில் ஒருவர் கடலோடு பிழைத்தவர் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

விவரம் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிட வேண்டும். உயர்கல்வி ஆராய்ச்சிக்கு ஆலோசனை சொல்ல வருகிற யாரும் நிபுணராகவே பிறப்பதில்லை. அதற்கு முன்னால் எங்கேயாவது ஏதாவது வேலை பார்த்திருப்பார்கள். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரையுள்ள எங்கள் பக்கத்தில் அந்தப் பழைய வேலை ஆளுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும். கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் இது கிடையாது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாட்டு டாக்டராக இருந்து கல்வி நிபுணரான ஒருவர் முன்பு வந்தபோது, அதற்கு முந்தின நாள் ஊரிலுள்ள மாடுகள் எல்லாம் தாமாகவே நாக்கை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றன. அந்த மனிதர் நல்லவர். கல்லூரிக்கு ஒரு ஆய்வுக்கூடம் கிடைத்தது அவரால்தான்.

கல்லூரி சின்னது. பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பங்கள் சேர்ந்து கட்டியது. பிரின்சிபால் சுந்தரதாஸ் எதற்கும் முதலில் கவலைப்பட்டுவிட்டுப் பிறகு யோசிக்கிறவர். அங்கே தற்காலிக ஆசிரியையாக இருந்த ரெஜிலா பல வருடமாக ஒரே ஆராய்ச்சியைச் சுமந்துகொண்டிருந்தாள். எல்லைக் கிராமங்களில் காது கேளாத பிள்ளைகள் இருக்கிற வீடுகளில், அவரவர் வீட்டுக்குள் பேசிக்கொள்ளும் கைப்பேச்சு ஒன்று உண்டு. அதையெல்லாம் சேர்த்து, கைப்பேச்சிலேயே ஒரு பட்டப்படிப்பு வகுப்பு நடத்த முடியும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. அவளுடைய தம்பி ஜெனிலுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலோடு காது போய்விட்டது. பன்னிரண்டாம் வகுப்பு தேறினான். ஒரு கல்லூரியில் சேர்ந்து, போர்டைப் பார்த்துப் பேசும் வாத்தியாரின் முதுகை ஒரு மாதம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அப்புறம் உதியன்குளங்கரையில் ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை. அவன் சுட்ட பன்னைத் தின்னாத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை.

இதற்கு முன் இரண்டு தடவை நிபுணர்கள் வந்தார்கள். இரண்டு தடவையும் ஒரே கேள்விதான்: வகுப்பு தமிழ் மீடியமா, மலையாள மீடியமா? எங்கள் ஊரில் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கிறோம், யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் கைக்கு எந்த மீடியம் என்று ரெஜிலாவால் சொல்ல முடியவில்லை. அடுத்த முறை பார்க்கலாம் என்று போய்விட்டார்கள். இது மூன்றாவது தடவை. இதிலும் சம்மதம் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிட வேண்டியதுதான் என்று மேலிடத்திலிருந்து சொல்லியாகிவிட்டது. இனிமேல் காத்திருக்க மாட்டேன், ஷார்ஜாவில் மாமாவின் பேக்கரிக்குப் போகிறேன் என்று ஜெனிலும் கைகளால் சொல்லிவிட்டான். விசா வந்துவிட்டது. அம்மா கிருபாபாய் பெட்டி வாங்கி வைத்தார். வாங்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அங்க போனா இவனுக்க கையப் பாத்துப் பேச யாரு உண்டு மக்கா?" என்று மகளிடம் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை பஸ்கள் எல்லாம் சொன்ன நேரத்துக்கு வந்தன. இதனால் பெரிய குழப்பம். எட்டரை பஸ் எட்டே முக்காலுக்கு வரும் என்று நம்பி வாழ்ந்த ஜனம் மொத்தமும் அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டது. பள்ளிக்கூடங்களில் வாத்தியார்கள் இல்லை, பாறசாலை ஆஸ்பத்திரியில் நோயாளிகள் இல்லை. கண்டக்டர் சஜின் காலி பஸ்ஸில் நின்றுகொண்டு யாருக்கு விசில் ஊதுவது என்று தெரியாமல் போனான். ரயில்வேயில் கால அட்டவணை போடும் வேலையிலிருந்து ஒருவர் வருகிறார் என்று ஊர் தெரிந்துகொண்டது. அன்று மாலை கருணாகரன் என்ற அந்த நிபுணர் பாறசாலையில் ரயிலிலிருந்து இறங்கினார். இறங்கியதும் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைத் திருத்தவில்லை. ஸ்டேஷன் கடிகாரம்தான் தன்னைத் திருத்திக்கொண்டது. கடல்காரரான லூயிசா அதற்கு முன்பே பூவாறு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, மீன்வள ஆய்வுக் கப்பலில் பாதி ஆயுளைக் கழித்தவர். ஆரியங்கோட்டுக்காரர்கள் அவருக்கு நன்றி சொல்ல வாழைக்குலையோடு போனார்கள். குழம்பு எப்படி இருந்தது என்று மட்டும் அவர் கேட்டார்.

மூன்றாவது ஆள் ஞானசிகாமணி. அழைப்பிதழில் பெயர் மட்டும்தான் இருந்தது. புதன்கிழமை முழுக்க ஊர் காத்திருந்தது. கிணறுகளை எட்டிப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், மாடுகளின் வாயைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. சுந்தரதாஸ் சாயந்திரம் நாலு முறை வாசலுக்கு வந்தார்.

"வல்லதும் வந்துதா ரெஜிலா?"

"ஒண்ணும் வரல்ல சார்."

"அப்பம் அந்த ஆளு ஒரு வேலையும் பாக்காம நிபுணரா ஆன ஆளாக்கும். அப்படிப்பட்டவனுக்கு 'இல்ல'ன்னு சொல்லியது ஒண்ணுதான் தெரியும்."

ரெஜிலா வீட்டுக்குப் போய், மறுநாள் கூட்டத்தில் பேச வேண்டியதை சுவரைப் பார்த்துப் பேசிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மீடியம் என்ற இடத்தில் வந்து நின்றாள். ஜெனில் பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

உண்மையில் ஞானசிகாமணியின் பழைய வேலை புதன்கிழமை இரவே வந்திருக்க வேண்டும். எல்லோரும் உறங்கிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. வியாழக்கிழமை காலையில் கிருபாபாய் கையிலிருந்து காப்பிப் பாத்திரம் நழுவித் தரையில் விழுந்து உருண்டது, சத்தம் வரவில்லை. சேவல் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து, ஒன்றும் வராமல், சந்தேகத்தோடு மறுபடி திறந்தது. சபையில் மணி அடித்தவர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு நாக்கு இருக்கிறதா என்று மேலே ஏறிப் பார்த்தார். நாக்கு இருந்தது. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. புருஷன் பெண்டாட்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வேண்டி வந்தது. கல்யாணத்தன்று பார்த்ததுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பலர் பார்த்தார்கள். எல்லைத் தகராறில் இரண்டு வீட்டுக்காரர்கள் வழக்கம்போல வேலிக்கு வந்தார்கள். கையால் சண்டை போடக் கை வலித்தது, திரும்பிவிட்டார்கள். ஊரில் எந்த மாற்றத்தையும் உணராத ஒரே ஆள், பேக்கரி வேலை முடிந்து வந்துகொண்டிருந்த ஜெனில். எல்லோரும் ஏன் இப்படி விழிக்கிறார்கள் என்று மட்டும் நினைத்தான்.

உதியன்குளங்கரை ஜங்ஷனில் நிலைமை மோசம். ஹாரன் இல்லாமல் வண்டி ஓட்ட எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. லாரியும் பஸ்ஸும் ஆட்டோவும் நாலு பக்கமிருந்தும் வந்து, மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. சஜின் விசிலை ஊதி ஊதிக் கன்னம் வீங்கினான். ஜெனில் கொஞ்சநேரம் பார்த்தான். மூன்று வயதிலிருந்து இப்படித்தானே சாலையைக் கடக்கிறான். மாவு படிந்த சட்டையோடு நடுவில் போய் நின்று, நீ நில், நீ வா, நீ கொஞ்சம் பின்னால் போ என்று கையைக் காட்டினான். டிரைவர்கள் கீழ்ப்படிந்தார்கள். ஒரு கை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் என்று அவர்களுக்கு அதுவரை தெரியாது. நெரிசலில் சிக்கியிருந்த ஒரு பஸ்ஸின் ஜன்னலில், குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நரைத்த மனிதர் உட்கார்ந்திருந்தார். அவர் ஜெனிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கூட்டம் பத்து மணிக்கு. ரெஜிலா எழுந்து வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. கருணாகரன் பேனாவை எடுத்து, எழுதிக் காட்டு என்பது போல நீட்டினார். லூயிசா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்த்தினார். ஜங்ஷனிலிருந்து அக்காவைத் தேடி அப்போதுதான் உள்ளே வந்து, என்ன என்று கையால் கேட்ட ஜெனிலையும் ரெஜிலாவையும் காட்டி, பாருங்கள் என்று கண்ணால் சொன்னார். ரெஜிலா கைகளை உயர்த்தினாள். மீடியம் என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை. ஆரியங்கோட்டு வீட்டில் மழைக்கு எப்படி, குன்னத்துகால் வீட்டில் எப்படி, பள்ளிக்கூடத்துக்கு எப்படி, பசிக்கு எப்படி என்று காட்டினாள்; ஜெனில் பக்கத்தில் நின்று அவற்றைச் சேர்த்துக் காட்டினான். மீனுக்கு அவன் காட்டியதை லூயிசா திருத்தினார். கப்பலில் இன்ஜின் இரைச்சலில் அவர்களும் கையால்தான் பேசியிருக்கிறார்கள். வலையை இழு, விடு, சுறா என்று அவர் காட்டக் காட்ட ஜெனில் சிரித்தான். கருணாகரன் சும்மா இருப்பாரா. ரயில்வேயில் சேர்ந்த புதிதில் கார்டு வேலை பார்த்தவர். எழுந்து நின்று, கையைக் கொடியாக்கி ஒரு கூட்ஸ் வண்டியையே அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். வாசலில் நின்ற சுந்தரதாஸ் அது போகட்டும் என்று சுவரோரம் ஒதுங்கினார்.

அப்போது குடைக்காரர் வந்தார். ஞானசிகாமணி அவர்தான். யாருக்கும் வணக்கம் சொல்லாமல் நேராக ஜெனிலிடம் போய்த் தன் கைகளால் ஒரு கேள்வி கேட்டார். அவன் அசந்துபோனான். வீட்டுக்கு வெளியே ஒரு அந்நியர் அவனிடம் அவன் பாஷையில் பேசியது அதுதான் முதல் தடவை. நீ என்ன படிக்க விரும்புகிறாய் என்பது கேள்வி. மாவு எதனால் பொங்குகிறது என்று படிக்க வேண்டும், தினமும் பார்க்கிறேன், எனக்கு அது தெரிய வேண்டும் என்று அவன் கைகள் சொல்லின. ரெஜிலா தம்பியையே பார்த்தாள். இவனுக்காக இத்தனை வருடம் அலைந்தவள், ஒருநாளும் இதைக் கேட்டதில்லை. பிறகு அவள் ஞானசிகாமணியின் பக்கம் திரும்பினாள். நன்றிக்கு ஆரியங்கோட்டுக் கைப்பேச்சில் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து எடுக்க வேண்டும். அவள் வைத்த கையை எடுக்கவில்லை.

மலையோரத்தில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்றில் முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவர் ஞானசிகாமணி. அழைப்பிதழில் போடுகிற அளவுக்கு அது ஒரு பெருமை என்று அவருக்குத் தோன்றவில்லை. சம்மதம் என்பவர்கள் கையைத் தூக்க வேண்டும் என்று அவரே காட்டினார். மூன்று கைகள் மேலே போயின. கருணாகரனுடையது பச்சைக்கொடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. சம்மதத் தாளில் மீடியம் எது என்ற இடத்தில் லூயிசா தன் உள்ளங்கையை மையில் நனைத்து அழுத்தி வைத்தார். அதை மேலிடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். கிருபாபாய் மகனுக்குச் சோற்றுப்பொதி கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்று அழுதார். அழுகைக்குச் சத்தம் இல்லை. ஆனால் அன்றைக்கு எல்லோரும் எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்ததால், எல்லோரும் பார்த்தார்கள்.

சாயந்திரம் ஞானசிகாமணி பஸ் ஏறினார். பஸ் போகப்போக, பின்னாலேயே சத்தங்கள் ஒவ்வொன்றாக ஊருக்குத் திரும்பின. முதலில் காக்கை, அப்புறம் ஆட்டோ. காலையில் அடித்த சபை மணி மாலையில் கேட்டது. சஜின் ஊதிய விசில்கள் எல்லாம் ஒன்றாக வந்து, ஜங்ஷனில் நின்ற வண்டிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பின. கிருபாபாய் வீட்டில், காலையில் விழுந்த காப்பிப் பாத்திரத்தின் சத்தம் உருண்டது. அவர் போய், விசாவை மாமாவின் மகன் ஜெயதாஸுக்கு மாற்ற முடியுமா என்று போனில் விசாரித்தார். மாற்ற முடியாது என்றார்கள். சரி என்று பெட்டியில் அரிசி போட்டு வைத்தார்.

வகுப்பு அந்த ஜூனில் தொடங்கியது. எல்லைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஞானசிகாமணி வகுப்பைப் பார்க்க வருவார். அந்தத் தேதியில் எங்கள் பக்கத்தில் கல்யாணம் வைப்பதில்லை, மைக் செட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போவார்கள். மற்றபடி அந்த நாளை ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. முகம் பார்க்கிற நாள் என்று அதற்குப் பெயர். ஜெனில் பட்டம் வாங்கினான், மாவு பொங்குவதைப் பற்றியே மேலும் படித்தான், டாக்டர் ஜெனில் ஆனான். ரெஜிலாவின் ஆராய்ச்சியும் முடிந்தது. ஞானசிகாமணி கடைசியாக வந்தபோது தலை முழுக்க வெள்ளை. இனிமேல் உன்னைக் கூப்பிடுவார்கள், போ என்று ஜெனிலிடம் காட்டிவிட்டுப் போனார்.

கூப்பிட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், வள்ளியூரையும் தாண்டி ஒரு கல்லூரியில், ஆராய்ச்சிக்கு ஆலோசனை சொல்ல வரும் நிபுணர்களில் ஒருவராக ஜெனிலின் பெயர் இருந்தது. அவன் போவதற்கு முந்தின நாள் காலையில் ரெஜிலாவின் போன் அடித்தது. அந்தக் கல்லூரியின் பிரின்சிபால். பாவம், அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் புதுசு; இது எல்லை தாண்டியது அதுதான் முதல் தடவை. ஆபீஸ் மேஜை இழுப்பறை, லைப்ரரி அலமாரி, பையன்களுடைய பை, எதைத் திறந்தாலும் சூடாகப் பன் இருக்கிறது, நாங்கள் யாரிடமும் ஆர்டர் கொடுக்கவில்லை, கல்லூரி முழுக்க ஒரே வாசனை, என்ன செய்வதென்று தெரியவில்லை, உங்கள் ஊர் நம்பர்தான் கையில் இருந்தது என்றார்.

எதிரே ஜெனில் சட்டைகளைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தான். என்ன என்று கையால் கேட்டான். ஒன்றுமில்லை என்று தலையை அசைத்துவிட்டு, அவள் உள்ளங்கையை நெஞ்சில் வைத்தாள்.

"அது எனக்க தம்பி வாறானாக்கும்," என்றாள் போனில். "சூடு ஆறியதுக்கு முன்ன தின்னுங்கோ."

அந்தக் கல்லூரியில் அன்றைக்கு எல்லோரும் தின்றார்கள். டீ மட்டும் தாங்களே போட்டுக்கொண்டார்கள்.