ஒரு மணி நேர மாப்பிள்ளை

சுரேஷ்கண்ணன் பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு நான்கு வருஷமாக அரசுத் தேர்வு எழுதினான், எழுதினான், எழுதிக்கொண்டே இருந்தான். முப்பத்தொரு வயதில் முதன்முதலாக ஒரு பெண் வீட்டார் போடியிலிருந்து அனுமந்தன்பட்டிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள். பெண் யுவராணியின் போட்டோவை ஒரு வாரமாகப் பார்த்துப் பார்த்து, இந்த இடம் தட்டிப்போனால் தனக்குக் கல்யாணமே கிடையாது என்று அவன் முடிவே கட்டிவிட்டான்.

அம்மா மூக்கம்மாள், "பய கம்பெனி வேலைய வீட்டுல இருந்தே பாக்குறான்" என்று தரகரிடம் அளந்துவிட்டிருந்தாள். அதற்குச் சாட்சியாக மேசைமேல் ஒரு பழைய லேப்டாப். பெண்ணின் அப்பா பேச்சிமுத்து, பலசரக்குக் கடைக்காரர், அதை மரியாதையாகப் பார்த்தபடி காபி குடித்துக்கொண்டிருந்தார்.

நல்ல நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் ஷீபா. நாட்டில் வேலையில்லாதவர்கள் எத்தனை சதவீதம் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கிற தற்காலிக ஊழியர்.

"போன ஏழு நாள்ல வேலை பாத்தீங்களா சார்?"

"கம்பெனியில இருக்காகம்மா," என்று பேச்சிமுத்துவே பதில் சொன்னார்.

"கம்பெனி பேரு?"

மூக்கம்மாள் பேந்தப் பேந்த விழித்தாள். வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். சுரேஷ்கண்ணனின் படித்த திமிர் சும்மா விடுமா?

"மேடம், ஏழு நாள்ல ஒரு மணி நேரம் உழைச்சிருந்தாலே வேலையில இருக்கறதாத்தான் கணக்கு. சொந்தத் தோட்டத்துல சம்பளமில்லாம பாத்தாலும் சேரும். நான் வியாழக்கிழமை எங்க திராட்சைத் தோட்டத்துல மருந்தடிக்க ஓஸ் புடிச்சேன். முழுசா ரெண்டு மணி நேரம். போட்டுக்கங்க, வேலையில இருக்கேன்!"

"எங்களுக்கு டிரெய்னிங்லகூட இவ்வளவு தெளிவாச் சொல்லல சார்," என்று ஷீபா பூரித்துப்போய், கையிலிருந்த டேப்லெட்டில் 'அனுப்பு' பொத்தானைத் தட்டினாள்.

பேச்சிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப... விவசாயமா?"

"அய்யய்யோ, இல்லண்ணே!" மூக்கம்மாள் பதறினாள். "பய சும்மாதான் இருக்கான். பரீட்சைக்குப் படிக்கிறான்!"

"கம்பெனின்னு சொன்ன பொய்யக்கூடப் பொறுத்துக்கிருவேன் தாயி. சும்மா இருந்தாலும், நாளைக்கு ஒரு ஆபீசுல உக்காருவாகன்னு மனசத் தேத்திக்கிறலாம். தோட்டத்துல எறங்கிட்டவுகளுக்கு எப்பிடிப் பொண்ணக் குடுக்க?"

தன் மகனுக்குச் சோறு போடுவதே அந்தத் தோட்டம்தான் என்பதெல்லாம் மூக்கம்மாளுக்கு அப்போது நினைவில் இல்லை. ஷீபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏத்தா, சும்மா இருக்கான்னு மாத்திப் போட்டுரு. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"அனுப்பிட்டேம்மா. இனி மாத்த முடியாது."

போடிக் கார் புறப்பட்டுப் போனது. சுரேஷ்கண்ணனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நாலு வருஷமா நாயா அலைஞ்சு வேலை தேடுறேன் மேடம். தேடுனீங்களான்னு ஒரு வார்த்த கேக்கலையே?"

"அது வேலை இல்லாதவங்களுக்கு மட்டும் வர்ற கேள்வி சார்," என்று சொல்லிவிட்டு ஷீபா அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.