புலி ஆப்பிள்

இரண்டு மணி பஸ்ஸுக்குள் ஸமீரா சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் பெரியம்மா சைதா அவளைத் தன் ஊரான கியாக்தானுக்குக் கூட்டிப் போய்விடுவாள். சைதா சொன்னால் சொன்னதுதான். ஆபித்தின் மனைவியான அவள் தங்கை ரிஹானாவும் அப்படித்தான் இருந்தாள்.

ரிஹானா மவுத்தாகி, அடக்கம் செய்து பதினைந்து நாள். அவளுடைய நாலு வயது மகள் ஸமீராவுக்குக் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. "உம்மா செய்ற ஆப்பிள்" என்று மட்டும் கேட்டாள்.

ரிஹானாவின் சமையல் நோட்டில் அது இருந்தது. பேச்சுத் தமிழைப் பர்மிய எழுத்தில் எழுதியிருந்தாள். அவளுக்குத் தமிழில் எழுதத் தெரியாது. 'புலி ஆப்பிள். அக்டோபரில்தான் வரும். கரையும்வரை வேகணும்.'

காலையில் தாமுவே சந்தையில் அவள் வாங்கும் கடை திறக்கவில்லை. ஆபித் வேறொரு கடையில் சிவப்பும் மஞ்சளுமாய் வரியோடிய பழங்களை வாங்கி வந்தான். புலி என்றால் வரிதானே. ஒரு மணி நேரம் கொதித்தும் துண்டுகள் அப்படியே கிடந்தன. ஸமீரா ஒரு வாய் வாங்கித் துப்பினாள்.

"போதும் தம்பி." சைதா பிள்ளையின் சட்டைகளைப் பையில் அடுக்கினாள். "அங்க எம் பிள்ளைங்களோட சேந்து திங்கும்."

"ரெண்டு மணி வரைக்கும்னு சொன்னீங்க லாத்தா."

பன்னிரண்டு மணிக்கு மறுபடி சந்தைக்கு ஓடினான். ரிஹானா வாங்கும் பவுனம்மாள் கடை இப்போது திறந்திருந்தது. நோட்டை நீட்டிக் கேட்டான்.

"புலி ஆப்பிளா?" அவள் பக்கத்துக் கடைக்காரியைத் தட்டிச் சிரித்தாள். "கேட்டியா? நாளைக்குக் கரடி ஆப்பிள் கேப்பாரு! படிச்ச பிள்ளையே, அது புளி. புளிப்பு. பர்மா எழுத்துல எழுதுனா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். எங்க உன் வீட்டுக்காரி? அவதானே வருவா?"

"இனி வரமாட்டா."

சிரிப்பு நின்றது. பவுனம்மாள் குனிந்து, சாக்குக்கு அடியிலிருந்து கோணல்மாணலான பச்சைக் காய்களைப் பொறுக்கினாள். கலோ மலையில் வெள்ளைக்காரன் நட்ட மரங்களின் காய். சும்மா கடித்தால் பல் கூசும்.

"தோலோட போடு. அவ சீவமாட்டா."

ஒன்றேகாலுக்குச் சட்டி கொதித்தது. துண்டுகள் பொங்கின, நுரைத்தன, கரைந்தே போயின. சர்க்கரை போட்டு இறக்கியபோது சைதா ஸமீராவின் ஒரு காலுக்குச் செருப்பு மாட்டியிருந்தாள்.

ஆபித் கரண்டியை ஊதி நீட்டினான். ஸமீரா வாயைத் திறக்கவில்லை. தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது.

"தம்பி, நேரமாச்சு."

ஸமீரா முகர்ந்தாள். நாக்கு நுனியால் தொட்டாள். ஒரு கண் தானாக இறுகிக்கொண்டது.

"புளிக்குது வாப்பா."

வாயை மறுபடி திறந்தாள்.

நாலாவது கரண்டியில் சைதா குனிந்து, மாட்டிய செருப்பைக் கழற்றினாள்.